மூக்குத்தண்டு வளைவு: ஸ்பிரேயில் சமாளிக்கலாமா, ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

சிங்காநல்லூரான்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 34, நூற்பாலையில் வேலை. வலது பக்க மூக்கு சின்ன வயதிலிருந்தே சரியாகத் திறந்ததில்லை. இடது பக்கமும் அவ்வப்போது அடைத்துக்கொள்ளும். ராத்திரி வாயால்தான் மூச்சு. காலையில் எழுந்தால் நாக்கு வறண்டு அண்ணத்தோடு ஒட்டிக் கிடக்கும். சைனஸுக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் மூக்குத்தண்டு (மூக்கை நடுவே பிரிக்கும் சுவர்) வலப்பக்கம் வளைந்திருக்கிறது, உள்ளே ஒரு எலும்புத் துருத்தலும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு மருத்துவர் செப்டோபிளாஸ்டி, அதாவது தண்டை நிமிர்த்தும் ஆபரேஷன், செய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் மூக்கு ஸ்பிரே எழுதிக் கொடுத்து, கொஞ்ச காலம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறார். இருவருமே அனுபவஸ்தர்கள். அம்மாவோ ஆபரேஷன் என்ற பேச்சையே எடுக்க விடுவதில்லை, ஊரில் யாருக்கோ மூக்கு அமுங்கிப் போய்விட்டதாம். செய்துகொண்டவர்கள், செய்யாமல் சமாளிப்பவர்கள், இரண்டு தரப்பும் சொல்லுங்கள்.

கரிசல்மண்:

வேண்டாம் தம்பி. என் மாமாவுக்குச் செய்தார்கள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். தும்மல், நீர் வடிதல், அடைப்பு எல்லாமே திரும்பிவிட்டது. இன்றைக்கும் தினம் ஸ்பிரே அடிக்கிறார். செய்தாலும் ஸ்பிரே, செய்யாவிட்டாலும் ஸ்பிரே என்றால் கத்தி எதற்கு? நூல் பிடித்த மாதிரி நேரான மூக்குத்தண்டு எத்தனை பேருக்கு இருக்கிறது? ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலானோருக்கு ஏதோ ஒரு வளைவு தெரியத்தான் செய்யும். காகிதத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக மேஜையில் படுக்காதீர்கள்.

தாமிரபரணி:

கரிசல்மண் அண்ணாச்சி சொல்வதில் கடைசி வரி சரி. மற்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்குச் செய்து சில வருடங்கள் ஆகின்றன. கல்லூரிக் காலத்தில் கபடியில் முழங்கை பட்டு வளைந்த மூக்கு. ஸ்பிரே, மாத்திரை, ஆவி, தைலம் எல்லாம் பார்த்தாயிற்று, இடது பக்கம் அசையவே இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகுதான் வாயை மூடிக்கொண்டு தூங்குவது என்றால் என்னவென்று தெரிந்தது. உங்கள் மாமாவுக்குத் தும்மலும் நீர் வடிதலும் இருந்தது என்கிறீர்களே, அது அலர்ஜி மாதிரி தெரிகிறது. தண்டை நிமிர்த்தினால் அலர்ஜி எப்படிப் போகும்?

காது_மூக்கு_தொண்டை:

நான் இந்தத் துறையில் இருப்பவன். சிங்காநல்லூராரின் மூக்கை நேரில் பார்க்காமல் அவருக்கு இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னதும் குழம்ப வேண்டாம். அவர்கள் இருவரும் ஒரே மூக்கில் இரண்டு வேறு இடங்களைப் பார்க்கிறார்கள்.

மூக்கை நடுவே பிரிக்கும் சுவரின் முன்பகுதி குருத்தெலும்பு, பின்பகுதி எலும்பு. இது வளைந்தால் ஒரு பக்கம் வழி குறுகும். அது நிலையான அடைப்பு, காலையிலும் மாலையிலும், கோடையிலும் மழையிலும் அதே பக்கம். அந்த வளைவை எந்த ஸ்பிரேயும், எந்த மாத்திரையும், எந்த மூச்சுப் பயிற்சியும் நிமிர்த்தாது. சுவருக்கு எதிரே, மூக்கின் வெளிப்பக்கச் சுவரில், டர்பினேட் என்ற மடிப்புகள் இருக்கின்றன. மேலே சவ்வு, சவ்வுக்குள் ரத்த நாளங்கள். தூசி, அலர்ஜி, சளி, குளிர் எதுவானாலும் இவை வீங்கும். இது ஏறி இறங்கும் அடைப்பு. ஸ்பிரே வேலை செய்வது இங்கேதான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோயே இல்லாதவர்களுக்கும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பக்க டர்பினேட் வீங்கி மறுபக்கம் சுருங்கும். உடலின் இயல்பான சுழற்சி அது, பலர் கவனிப்பதே இல்லை. தண்டு வளைந்தவருக்கு, ஏற்கெனவே குறுகிய பக்கம் வீங்கும் முறை வரும்போது வழியே இல்லாமல் போகும். அதேபோல வலப்பக்கம் வளைந்தால் காலியான இடப்பக்கத்தில் டர்பினேட் பெரிதாகிவிடும். ‘சதை வளர்ந்திருக்கிறது’ என்று பலர் கேட்டுக்கொண்டு வருவது பெரும்பாலும் இதைத்தான். எல்லோருக்கும் பிறவியிலேயே உள்ள உறுப்பு அது, பெருத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டில் எது உங்களை அதிகம் அடைக்கிறது என்று பார்க்கப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. குளிர்ந்த எவர்சில்வர் தகட்டை மூக்கின் கீழே பிடித்து மூச்சு விடச் சொல்வோம். இரண்டு பக்கமும் ஆவி படியும். ஒரு பக்கம் அகலமாகப் படிந்து, மறுபக்கம் ஒரு பொட்டு அளவே படிந்தால் அடைப்பின் பக்கம் தெரிந்துவிடும். பிறகு சவ்வைச் சுருக்கும் மருந்தை அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்ப்போம். அந்தப் பொட்டு விரிந்தால் வீக்கத்தின் பங்கு பெரிது, ஸ்பிரேக்குப் பலன் இருக்கும். மருந்துக்குப் பிறகும் பொட்டு பொட்டாகவே இருந்தால் தண்டின் பங்கு பெரிது. கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்ததும் மூச்சு சட்டென்று திறந்தால், மூக்கின் முன்வாசலில் உள்ள குறுகிய இடத்தில் சிக்கல் இருக்கலாம். அதைக் கவனிக்காமல் தண்டை மட்டும் நிமிர்த்திவிட்டு ‘ஆபரேஷன் தோற்றுவிட்டது’ என்று வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்கேனை வைத்து மட்டும் ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டாம். எண்டோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய மெல்லிய குழாய், வைத்து உள்ளே பார்த்தார்களா என்று கேளுங்கள்.

சிங்காநல்லூரான்:

மிக்க நன்றி சார். இப்படி யாரும் விளக்கவில்லை. எண்டோஸ்கோப்பி எதுவும் செய்யவில்லை, ஸ்கேன் மட்டும்தான். இரண்டாவது மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்பிரேயை நான்கைந்து நாள் அடித்தேன், ஒரு பலனும் தெரியவில்லை. இடையில் மூக்கிலிருந்து லேசாக ரத்தம் வந்தது, நிறுத்திவிட்டேன். பக்கத்துக் கடையில் கேட்டால் வேறு ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அது போட்ட மறு நிமிடமே திறக்கிறது. அதையே தொடரலாமா?

மருந்துக்கடை:

உடனே நிறுத்துங்கள். இருபது வருடமாகக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவன் சொல்கிறேன்.

போட்ட மறு நிமிடம் திறந்தால் அது ஜைலோமெட்டாசோலின் அல்லது ஆக்ஸிமெட்டாசோலினாக இருக்கும், பெட்டியைப் பாருங்கள். ரத்த நாளத்தை இறுக்கிச் சவ்வைச் சுருக்கும் மருந்து. கடும் சளிக்கு மூன்று நாள், ஐந்து நாள் என்று போட்டு நிறுத்த வேண்டியது. அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் குறையும்போது முன்னைவிட அதிகமாக வீங்கும். அதை அடக்க இன்னொரு சொட்டு. இப்படி மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில், சட்டைப் பையில் பாட்டில் இல்லாமல் வெளியே போகாதவர்கள் எனக்கு வாடிக்கையாளர்கள். பழகியவர்கள் ஒரே நாளில் நிறுத்தச் சிரமப்படுவார்கள். ஒரு மூக்கில் முதலில் நிறுத்துவது, கூடவே ஸ்டீராய்டு ஸ்பிரே தொடங்குவது என்று மருத்துவரிடம் கேட்டுச் செய்யலாம். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மருத்துவர் எழுதியது ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன் மாதிரி ஸ்டீராய்டு ஸ்பிரேயாக இருக்கும். அது நான்கைந்து நாளில் தன் முழு பலனைக் காட்டாது. தினமும் விடாமல் அடித்தால் சில வாரங்களில்தான் தெரியும். ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறார்கள். மூக்கில் அடிக்கும் அளவு மிகக் குறைவு, ரத்தத்தில் சேர்வதும் சொற்பம்.

ரத்தம் வந்ததற்கு அடிக்கும் முறைதான் காரணமாக இருக்கும். பெரும்பாலானோர் வலது கையால் வலது மூக்கில் நேரே மேலே, அல்லது நடுச்சுவரைப் பார்த்து அடிக்கிறார்கள். தினமும் அதே இடத்தில் பட்டால் சவ்வு காய்ந்து கசியும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. தலையைச் சற்றே குனிந்து, முனை அதே பக்கக் கண்ணின் வெளிக்கோடியைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். அடித்ததும் பலமாக உறிஞ்சாதீர்கள். தொண்டையில் கசப்பு இறங்கினால் மருந்து மூக்கில் நிற்கவில்லை என்று அர்த்தம்.

காது_மூக்கு_தொண்டை:

மருந்துக்கடைக்காரர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஸ்பிரேக்கு முன்னால் உப்பு நீரால் மூக்கைக் கழுவுங்கள், பஞ்சுத் தூசியில் வேலை செய்கிற உங்களுக்கு ஷிப்ட் முடிந்ததும் கழுவுவது மிகவும் நல்லது. ஆனால் குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ நேரடியாக வேண்டாம். கொதிக்க வைத்து ஆறிய நீர், அல்லது காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) மட்டும். கேரளத்தில் 2024இல் ஆற்றிலும் குளத்திலும் குளித்த சிறுவர்கள் மூளையைத் தாக்கும் அமீபா தொற்றால் இறந்தது நினைவிருக்கும். அது உள்ளே போகும் வழி மூக்குதான். ஜலநேதி (யோகாவில் மூக்கு வழியாக நீர் விட்டுக் கழுவுவது) செய்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

லண்டன்_வேலணை:

வணக்கம். நான் இங்கிலாந்தில் இருக்கிறேன், இதே தொல்லையால் இங்கே காத்திருப்போர் பட்டியலில் கன காலம் இருந்தவன். அந்த நேரத்தில் இதைப் பற்றி நிறைய வாசித்தேன். ‘ஸ்பிரேயா ஆபரேஷனா’ என்ற கேள்விக்கு இரண்டு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன.

ஒன்று நெதர்லாந்தில், 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. தண்டு வளைவால் மூக்கடைப்பு உள்ள 203 பெரியவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு செப்டோபிளாஸ்டி, தேவைப்பட்டால் டர்பினேட்டும் சேர்த்து. மற்றவர்களுக்கு மருந்து அல்லது பொறுத்துப் பார்ப்பது. ஒரு வருடம் கழித்து வாழ்க்கைத் தரத்தை அளந்தபோது ஆபரேஷன் தரப்புக்கு 72, மற்றவர்களுக்கு 64 என்ற அளவில் மதிப்பெண் வந்தது, இதில் கூடினால் நல்லது. இரண்டாம் வருடமும் அந்த வித்தியாசம் நின்றது.

இரண்டாவது இங்கே பிரிட்டனில், 17 மருத்துவமனைகளில், 378 பேரை வைத்து. 2023இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்தது. ஒரு தரப்புக்கு ஆபரேஷன், மறுதரப்புக்கு ஆறு மாதம் மொமெட்டசோன் ஸ்பிரேயும் உப்பு நீர் ஸ்பிரேயும். 22 கேள்விகள், மொத்தம் 110 மதிப்பெண், குறைந்தால் நல்லது. ஆறாம் மாதத்தில் ஆபரேஷன் தரப்பு ஏறக்குறைய 20, ஸ்பிரே தரப்பு ஏறக்குறைய 40. தொடக்கத்தில் தொல்லை அதிகமாக இருந்தவர்களுக்குப் பலனும் அதிகம். எனக்கு இதை வாசித்த பிறகுதான் மனம் தெளிந்தது.

கரிசல்மண்:

ஆய்வை மறுக்கவில்லை, ஒரு கேள்வி. ஆபரேஷன் செய்துகொண்டவருக்குத் தனக்கு ஆபரேஷன் நடந்தது தெரியும். ஸ்பிரே தரப்பில் விழுந்தவர் ஏற்கெனவே ஆபரேஷனை எதிர்பார்த்து வந்து ஏமாந்தவராக இருக்கலாம். இருவரிடமும் ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் பதில் எப்படி வரும்? மயக்கம் மட்டும் கொடுத்து, கத்தி வைக்காமல் எழுப்பிவிட்டு ஒப்பிட்டார்களா? அப்புறம், கெட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காது_மூக்கு_தொண்டை:

நியாயமான கேள்வி. இந்த இரண்டிலுமே போலி ஆபரேஷன் ஒப்பீடு கிடையாது. எதிர்பார்ப்பின் பங்கு அந்த மதிப்பெண்ணில் கொஞ்சம் இருக்கும். ஆனால் 110இல் 20 மதிப்பெண் வித்தியாசம் முழுவதையும் எதிர்பார்ப்பின் கணக்கில் எழுத என்னால் முடியவில்லை. நெதர்லாந்து ஆய்வில் வித்தியாசம் இரண்டாம் வருடம் வரை நின்றதும் காரணம்.

கெட்டது: பிரிட்டன் ஆய்வில் ஆபரேஷன் செய்தவர்களில் நூற்றுக்கு 4 பேர் ரத்தக் கசிவால் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 12 பேருக்குத் தொற்றுக்காக ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டது. இவை போக, சுவரில் ஓட்டை விழுவது, மேல் முன்பற்களில் சில காலம் மரத்துப் போவது, வாசனை குறைவது, மிக அரிதாக மூக்கின் முதுகு அமுங்குவது ஆகியவையும் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் இவற்றை மருத்துவர் வாயால் கேட்டுவிடுங்கள். டர்பினேட்டை அளவுக்கு மீறிக் குறைப்பதும் ஆபத்து. வழி அகலமாக இருந்தும் காற்று போவதே தெரியாமல் தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வைத்தியம் செய்வது மிகக் கடினம். ‘டர்பினேட்டை எவ்வளவு குறைப்பீர்கள், எப்படிக் குறைப்பீர்கள்’ என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

சிங்காநல்லூராரின் அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1902இல் ஃபிரீர், 1904இல் கில்லியன் என்ற மருத்துவர்கள் எழுதிவைத்த பழைய முறையில் வளைந்த குருத்தெலும்பையும் எலும்பையும் பெருமளவு வெட்டி எடுத்துவிடுவார்கள். தாங்க ஆளில்லாமல் சிலருக்கு மூக்கு அமுங்கியது, சிலருக்குச் சுவரில் ஓட்டை விழுந்தது. நம் ஊரிலும் அந்த முறை வெகுகாலம் புழக்கத்தில் இருந்தது. 1940களுக்குப் பிறகு காட்டில் (Cottle) என்ற மருத்துவர் போன்றவர்கள் இன்றைய செப்டோபிளாஸ்டிக்கு வழி போட்டார்கள். மூக்கின் முதுகை ஒட்டியும் நுனியை ஒட்டியும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலக் குருத்தெலும்பைத் தொடாமல் விட்டு, வளைந்த இடத்தை மட்டும் திருத்துகிறோம். வீட்டுக் கூரையைத் தாங்கும் உத்தரத்தை விட்டுவிட்டு, நடுச்சுவரைப் பூசுகிற மாதிரி. வெளித்தோற்றம் பொதுவாக மாறாது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

சிங்காநல்லூரான்:

அவசியம் சொல்கிறேன் சார். இன்னும் இரண்டு சந்தேகம். நெற்றியில் தலைவலி அடிக்கடி வருகிறது, தண்டை நிமிர்த்தினால் அதுவும் போய்விடும் என்றார்கள். குறட்டையும் விடுகிறேன் என்று மனைவி சொல்கிறார்.

காது_மூக்கு_தொண்டை:

தலைவலிக்காக மட்டும் இந்த ஆபரேஷனுக்குப் போகாதீர்கள். சைனஸ் தலைவலி என்று நினைத்து வருகிறவர்களில் பெரும்பகுதியினருக்கு இருப்பது மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலி. வெளிச்சம் கூசுகிறதா, குமட்டுகிறதா, ஒரு பக்கமாகத் துடிக்கிறதா என்று கவனித்து அதைத் தனியாகப் பாருங்கள். குறட்டை விஷயத்தில், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். அப்படி இருந்தால் முதலில் தூக்கப் பரிசோதனை. அந்த நோய்க்கு மூக்குத்தண்டு ஆபரேஷன் மட்டும் தீர்வாகாது, தூங்கும்போது காற்றை அழுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சி-பாப் கருவியைச் சிரமமில்லாமல் மாட்டிக்கொள்ள உதவும். மூக்கு அடைத்தது என்பதுதான் இந்த ஆபரேஷனுக்குக் காரணமாக இருக்க வேண்டும். மற்றவை கூடவே குறைந்தால் சந்தோஷம்.

தாமிரபரணி:

ஆபரேஷன் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே, சொல்லிவிடுகிறேன். முழு மயக்கம். விழித்ததும் வலியைவிட, ரத்தம் கசியாமல் இருக்க இரண்டு பக்கமும் அடைத்து வைத்த பேக்தான் படுத்தும். வாயால் மட்டுமே மூச்சு, எதை விழுங்கினாலும் காதுக்குள் அடைக்கும், தண்ணீர் குடிப்பதே வேலையாக இருக்கும். பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரும் உதட்டுக்கு வாஸ்லினும் வைத்துக்கொள்ளுங்கள். பேக் எடுக்கும்போது உள்ளேயிருந்து முடிவில்லாமல் வந்துகொண்டே இருப்பதுபோல் தோன்றும், கண்ணில் தாரை தாரையாக நீர் கொட்டும். அது சில வினாடிதான். இப்போது பல இடங்களில் சவ்வை உள்ளேயே தைத்துவிட்டு பேக் வைப்பதில்லை என்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். எனக்கு சிலிக்கோன் தகடும் வைத்திருந்தார்கள், அதை ஒரு வாரம் கழித்து எடுத்தார்கள்.

முக்கியமானது: எடுத்த அன்றைக்குத் திறந்த மூக்கு மறுநாளே அடைத்துக்கொண்டது. நான் பயந்துபோனேன். உள்ளே வீக்கமும் பொறுக்கும்தான் காரணம். உப்பு நீரால் விடாமல் கழுவிக் கழுவிச் சில வாரத்தில் படிப்படியாகத் திறந்தது. முதல் வாரங்களில் மூக்கைச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். கனமான எதையும் தூக்காதீர்கள். பஞ்சுத் தூசிக்கு எவ்வளவு நாள் கழித்துத் திரும்பலாம் என்று மருத்துவரிடமே கேட்டுவிட்டு விடுப்பு போடுங்கள்.

பாலிசி_பார்வை:

இடையில் ஒரு நடைமுறை விஷயம். மூக்குத்தண்டு வளைவுக்குப் பல தனியார் மருத்துவக் காப்பீடுகளில் இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு. பாலிசியில் ‘குறிப்பிட்ட நோய்களுக்கான காத்திருப்புக் காலம்’ என்ற பகுதியைப் படியுங்கள். ஆலை எடுத்துக் கொடுத்த குழுக் காப்பீடாக இருந்தால் பெரும்பாலும் இந்தத் தடை இருக்காது, மனிதவளப் பிரிவில் கேளுங்கள். ‘அழகுக்காகச் செய்தது’ என்று தட்டிக்கழிக்காமல் இருக்க, மூக்கடைப்புக்காகச் செய்கிறோம், மருந்து கொடுத்தும் தீரவில்லை என்று மருத்துவர் எழுதியிருப்பது நல்லது. ஸ்பிரே வாங்கிய சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சிங்காநல்லூரான்:

எல்லோருக்கும் நன்றி. சொட்டு மருந்தை நிறுத்திவிட்டேன். ஸ்பிரேயை இந்த முறை ஒழுங்காக அடிக்கப் போகிறேன், உப்பு நீரும் சேர்த்து. எண்டோஸ்கோப்பிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அதன் பிறகும் வலது பக்கம் இப்படியே இருந்தால் செய்துகொள்வேன்.

கரிசல்மண்:

இது சரி. முறையாக மருந்து பார்த்து, சோதித்து, அப்புறமும் தேவைப்பட்டுச் செய்தால் நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மாமாவை அலர்ஜிக்கென்று தனியாக ஒருவரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

வைகைக்கரை:

முழுவதும் படித்தேன். என் மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கும் தண்டு வளைந்திருக்கிறது என்றார்கள். இப்போதே செய்துவிடலாமா? நேற்று ஸ்கூலில் பந்து மூக்கில் பட்டு ரத்தம் வந்தது. நின்றுவிட்டது, ஆனால் இன்று காலையிலிருந்து இரண்டு பக்கமும் அடைப்பு, தொட்டால் வலிக்கிறது என்கிறான்.

காது_மூக்கு_தொண்டை:

அம்மா, ஆபரேஷன் பேச்சைத் தள்ளி வையுங்கள். வளர்கிற வயதில் பெரும்பாலும் செய்வதில்லை, பதினாறு பதினேழு வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். விதிவிலக்குகள் சில உண்டு, அவை பிறகு.

நேற்றைய அடிதான் இப்போது முக்கியம். அடி பட்டு ஓரிரு நாளில் இரண்டு பக்கமும் அடைத்து வலித்தால், நடுச்சுவரின் சவ்வுக்குக் கீழே ரத்தம் கட்டியிருக்கலாம். குருத்தெலும்புக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது, அந்தச் சவ்விலிருந்துதான் அதற்கு உயிர். ரத்தம் கட்டி இரண்டையும் பிரித்துவிட்டால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு கரையத் தொடங்கும், சீழ் பிடிக்கும், மூக்கு அமுங்கும். உள்ளே இரண்டு பக்கமும் சிவந்து, அல்லது நீலம் பாய்ந்து, மெத்தென்று உப்பியிருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். கட்டியிருந்தால் கீறி வடித்துவிடுவார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு உடையவில்லை என்று வந்தாலும் இது இருக்கலாம், அதனால் எக்ஸ்ரேயோடு திரும்பி வந்துவிடாதீர்கள். ஸ்பிரே, சொட்டு மருந்து எதுவும் போடாமல், இன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ அரசு மருத்துவமனை அவசரப் பிரிவிலோ காட்டுங்கள். நாளை வரை காத்திருக்க வேண்டாம்.

வைகைக்கரை:

கிளம்பிவிட்டோம் சார்.